ஆதரிக்க எந்த ஆங்கில வினை? கைகொடுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி

எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் மனுவும் அறிக்கையும் எழுதுவது நான். இந்தக் கோரிக்கையை ஆதரிக்கிறோம் என்ற வரி வராத அறிக்கையே கிடையாது. சப்போர்ட், பேக் (back), எண்டோர்ஸ், அட்வகேட், அப்ஹோல்ட்... எதைப் போடுவது? ஒத்தசொல் அகராதிகள் பல இவற்றை வரிசையாக அடுக்குவதோடு சரி. அதனால் நான் எடுப்பது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத்தான்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இரண்டு சகாக்களோடு தொகுத்து, 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அகராதிதான் இதற்கு மூலம். வேற்றுமொழிக்காரர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று வகுப்பறையில் கண்டவர் அவர். அதனால் பொருளைச் சொல்வதோடு விடாமல், வினைக்கு அப்புறம் என்ன வர வேண்டும் என்பதையும் காட்டுகிறது. சப்போர்ட் வினையாக வந்தால் கோரிக்கையை நேராகச் சேர்த்துவிடலாம். பெயர்ச்சொல்லாக வந்தால்தான் ‘ஃபார்’ வேண்டும். ‘வி சப்போர்ட் ஃபார் திஸ் டிமாண்ட்’ என்று எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு பதிவே போதும்.

எண்டோர்ஸ் என்றால் வெளிப்படையாக, பலரறிய ஆதரவு தெரிவிப்பது. செயற்குழு தீர்மானம் போட்டு அறிவிக்கும்போது அதுவே பொருத்தம். (காசோலையின் பின்பக்கம் கையெழுத்திடுவதற்கும் இதே வினைதான்.) பணமோ செல்வாக்கோ கொடுத்துப் பின்னால் நிற்பவர்களுக்கு பேக். அட்வகேட் பெரும்பாலும் கொள்கைக்கும் யோசனைக்கும் வரும். வேட்பாளரை ஆதரிக்க அது உதவாது. எனக்கு மிகவும் பயன்பட்டது அப்ஹோல்ட். கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு சரியே என்று உயர் நீதிமன்றம் சொன்னால் நாளிதழில் ‘அப்ஹெல்ட்’ என்று போடுவார்களே, அதுதான். சட்டத்தையோ உரிமையையோ கொள்கையையோ நாமும் அப்ஹோல்ட் செய்யலாம். நாமே வைத்த கோரிக்கையை அப்படிச் சொன்னால் தீர்ப்பையும் நாமே எழுதிக்கொண்டது போலாகிவிடும்.

குறை என்றால், இத்தனை வினைகளையும் ஒப்பிட ஒவ்வொரு பதிவாகப் புரட்ட வேண்டும். ஒத்த சொற்களை ஒப்பிட்டுக் காட்ட இதே பதிப்பகம் லேர்னர்ஸ் தெசாரஸ் என்று தனி நூல் போட்டிருக்கிறது. அகராதியின் விளக்கங்கள் எளிய சொற்களில் இருந்தாலும் தமிழ்ப் பொருள் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். பத்தாம் பதிப்பு 2020-ல் வந்தது. அறிக்கை எழுத மட்டும் என்றால் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பையே தாராளமாக வாங்குங்கள்.