இரணைதீவுக் கடலும் இந்து சமுத்திரமும்

1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிட்ட உள்ள இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் 602 விமானம் கடலில் விழுந்தது. உள்ளே 55 பேர். 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் பறந்து, வழியில் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370இல் 239 பேர்.

எங்கள் பக்கத்து விமானம் கிடந்தது இரணைதீவுக்குக் கிட்ட, சுழியோடிகள் இறங்கக்கூடிய ஆழத்தில். ஆனாலும் போர் முடிந்து, 2012இல்தான் கடற்படை சிதைவுகளைக் கண்டது. 2014 ஜனவரியில், மீட்ட உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைத்தார்கள். பதினான்கு வருடம் உப்பில் ஊறிய துணியை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டும். சரி, கொடுமைதான். ஆனால் தொட்டுப் பார்க்க ஒரு துணியாவது இருந்தது.

எம்எச்370க்குப் பணமும் கருவியும் குறைவில்லை. சோனார் என்ற ஒலியலைக் கருவியால் இந்து சமுத்திரத்தில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியை அலசிவிட்டு, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு போன்ற சிலதான் மிச்சம்.

எனக்கு இரண்டாவதுதான் பாரம் கூட. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வீதியோரம் போராடும் அம்மாமாரைக் கடந்து போகிறவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் கேட்பதும் அதே கேள்வி: எங்கே?