கட்டடக் காற்றோட்டத்துக்கு எந்த மெஷ்: ஸ்னாப்பியா, சிஎஃப்மெஷ்ஷா, டெட்ராவா, கையால் இழுத்ததா?

கட்டடத்தைச் சுற்றிக் காற்று எப்படிப் போகும் என்று சிமுலேஷன் செய்ய உட்காருகிறவர்கள், பால்கனியும் சன்ஷேடும் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் மெஷ் (காற்றுவெளியைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் வலை) போடும் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். கட்டடத்துக்கு முன்னால் வெறுமையாகக் கிடக்கும் தரையை அந்தக் கருவி எப்படிக் கையாளுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

20 மீட்டர் சதுரம், 30 மீட்டர் உயரம் என்று ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் காஸ்ட் 732 வழிகாட்டி (2007) முன்னால் உயரத்தைப் போல் 5 மடங்கு, பின்னால் 15 மடங்கு இடம் கேட்கிறது. பக்கங்களிலும் மேலேயும் 5 மடங்கு. கணக்கிடும் காற்றுவெளிக்கு 640 × 320 × 184 மீட்டர் பெட்டி போதும். காற்றுப் பாதையில் கட்டடம் மறைப்பது 1 சதவீதம்தான், வரம்பு 3. 8 மீட்டர் செல்களால் நிரப்பினால் மொத்தமே 73,600.

ஓப்பன்ஃபோம் என்னும் சிமுலேஷன் மென்பொருளின் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ், சுருக்கமாக ஸ்னாப்பி, இந்தப் பெட்டியை எடுத்துக் கட்டடத்தருகே ஒவ்வொரு லெவலிலும் செல்லைப் பாதியாக்கும். லெவல் 2 என்றால் 2 மீட்டர். கட்டடத்தின் ஒரு பக்கத்துக்கு 10 செல். அது குறைந்தபட்சம்தான். நடப்பவர் உயரமான 1.75 மீட்டரில் காற்றைப் பார்க்க வேண்டும் என்றால், ஜப்பானிய வழிகாட்டிப்படி அந்த உயரம் தரையிலிருந்து மூன்றாவது செல்லிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். லெவல் 4, அதாவது அரை மீட்டர் செல், தேவைப்படும்.

சிக்கல் இங்கேதான். கட்டடத்தருகே முதல் செல்லின் மையம் 0.25 மீட்டரில், தூரத்தில் 8 மீட்டர் செல்லின் மையம் 4 மீட்டரில். நுழைவாயிலில் கவனமாகக் கொடுத்த காற்று வேக வடிவம் வழியில் மாறிப்போய்த்தான் கட்டடத்தை அடையும். தரை முழுக்க அரை மீட்டர் செல் போட்டால் ஒரே ஓர் அடுக்குக்கே 8 லட்சத்துக்கு மேல். சரி, அடிப்படைப் பெட்டியை உருவாக்கும் பிளாக்மெஷ்ஷில் தரையருகே தட்டையான செல்களாக வைத்துக்கொள்ளலாமே என்றால், ஸ்னாப்பிக்குக் கனசதுரத்தை ஒட்டிய செல்தான் பிடிக்கும். தட்டையானதைக் கொடுத்தால் விளிம்புகளில் கோணல் வரும். நான் கட்டடத்தைச் சுற்றி மட்டும் கனசதுரமாக விட்டு, தரை ரிஃபைன்மென்டை (செல்லைச் சிறிதாக்குவதை) படிப்படியாகக் குறைப்பேன். அப்புறம் கட்டடம் இல்லாத காலிப் பெட்டியில் ஒருமுறை ஓட்டி, வேக வடிவம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பேன்.

தரையின் சொரசொரப்பும் இதில் குறுக்கே வரும். புல்வெளிக்கு ஏரோடைனமிக் சொரசொரப்பு நீளம் (தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.03 மீட்டர் என்றால், சொரசொரப்பை மணல்துகள் அளவில் கணக்கிடும் ஃப்ளூயன்ட் போன்ற சால்வரில் (சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளில்) அது வழக்கமான மாறிலியோடு சுமார் 20 மடங்கு, 0.6 மீட்டர் ஆகிவிடும். முதல் செல்லின் மையம் அதற்கு மேலே இருக்க வேண்டும். நமக்கோ 0.25 மீட்டர் வேண்டும். இரண்டும் ஒத்துவராது. கட்டடக் காற்றியல் ஆய்வாளர் பிளாக்கனின் குழு 2007-இல் இதை விரிவாக எழுதியது. ஓப்பன்ஃபோமின் வளிமண்டலச் சுவர்ச் சார்பு (தரையருகே காற்றைக் கணக்கிடும் சூத்திரம்) சொரசொரப்பு நீளத்தை நேரடியாக எடுத்துக்கொள்வதால் அங்கே இந்த இடுக்கண் தளரும்.

சிஎஃப்மெஷ் இன்னொரு மெஷ் கருவி. அதன் அமைப்புக் கோப்பு சின்னது, லேயர்களும் (சுவரை ஒட்டிய மெல்லிய செல் அடுக்குகள்) ஸ்னாப்பியை விட ஒழுங்காக வரும். ஆனால் மேற்பரப்பு முழுக்க மூடியிருக்க வேண்டும், வெளிப்பெட்டியும் அதே மேற்பரப்பில் சேர வேண்டும். கட்டடக்கலைஞர் அனுப்பும் மாடலில் ஓட்டை இல்லாமல் இருப்பது அபூர்வம். செல்லை விடச் சின்ன ஓட்டையை ஸ்னாப்பி பொறுத்துக்கொள்ளும். லேயர் என்னும் சாதகமும் இங்கே பெரிதில்லை. முழு அளவுக் கட்டடத்தில் ஒய்-பிளஸ் (முதல் செல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் அலகில்லா அளவு) ஆயிரக்கணக்கில்தான் இருக்கும்; கூர் விளிம்புள்ள கட்டடத்தில் காற்று பிரியும் இடத்தை விளிம்பே தீர்மானித்துவிடுகிறது. வளைவான முகப்பு, வெப்பப் பரிமாற்றம் என்றால் மட்டும் லேயரோடு மல்லுக்கட்டுங்கள்.

டெட்ரா, அதாவது நான்முகச் செல், எந்த வடிவத்தையும் நிரப்பும். அவ்வளவுதான் அதற்குச் சாதகம். செல் முகங்கள் காற்றின் திசையோடு சேராததால் எண்முறைக் கசிவு (கணக்கீட்டால் மட்டும் வரும் கலைவு) கூடி, கட்டடத்துக்குப் பின்னால் வரும் சுழல் மழுங்கிப்போகும். தரையில் பிரிசம் (பட்டகச் செல்) அடுக்கு இல்லாமல் போடவே கூடாது. பாலிஹெட்ராவாக (பல முகச் செல்களாக) மாற்றினால் செல் எண்ணிக்கை பல மடங்கு குறையும்; அறைக்குள் மட்டும் பார்க்கும் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

கையால் இழுப்பது நாளை விழுங்கும், ஆனால் தரம் அதில்தான். வான் ஹூஃப்பும் பிளாக்கனும் 2010-இல் ஆம்ஸ்டர்டாம் அரீனா மைதானத்துக்கு டெட்ராவே இல்லாமல், தளத்தில் வரைந்த வலையை மேலே இழுத்து இழுத்து மெஷ் கட்டினார்கள். வெளிக்காற்றும் காற்றோட்டத் திறப்புகளும் ஒரே மெஷ்ஷில். ஒன்றிரண்டு பெட்டிக் கட்டடம் என்றால் நானும் இதைத்தான் எடுப்பேன். தரையருகே எவ்வளவு தட்டையாக வேண்டுமோ அவ்வளவு வைக்கலாம்.

பத்துப் பதினைந்து கட்டடம் நெருக்கமாக இருந்தால் ஸ்னாப்பிதான். 1.2 மீட்டர் ஜன்னல் திறந்திருக்கிறது என்றால் லெவல் 6 வரை போங்கள், 0.125 மீட்டர் செல்லில் சுமார் 10 செல் கிடைக்கும். செல் அளவால் முடிவு மாறுகிறதா என்று மூன்று மெஷ் போட்டு ஒப்பிடுவதும் இதில் சுலபம். அடிப்படைப் பெட்டியை 80 × 40 × 23-இலிருந்து 120 × 60 × 35 ஆக்கினால் எல்லா லெவலும் கூடவே சுருங்கிவிடும். மொத்தச் செல் சுமார் 3.4 மடங்காகும், ராம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.