கால்நுனி போதும்: ஒரு டிஎன்ஏ ஆய்வகச் சேவை

மரப்பொந்தில் வாழும் ஆஸ்மோடெர்மா வண்டுகளுக்காக இந்தச் சேவையை எடுத்தேன். வண்டைக் கொல்ல வேண்டியதில்லை; நடுக்காலின் நுனியை நறுக்கி எத்தனாலில் போட்டு அனுப்பினால் போதும். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ மரபணுப் பகுதியின் 658 டிஎன்ஏ எழுத்துகளும் தெளிவாக வந்தன. இந்த வண்டில் எரிமிட்டா, பார்னபிட்டா என இரண்டு இனங்கள் ஒன்றுபோல இருக்கும்; எது என்று பார்த்துச் சொல்வது கடினம். இந்த வரிசை சொல்லிவிட்டது.

ஆனால் இனம் தெரிந்தால் மட்டும் போதாதே! சுவீடனில் நடந்த ஆய்வில் சுமார் 15 சதவீத வண்டுகள்தான் பிறந்த மரத்தை விட்டுப் போயின. பக்கத்துப் பொந்து மரங்கள் வெட்டப்பட்டால், மிஞ்சியவை சொந்தத்துக்குள்ளேயே இணைசேரும். அதை அளக்க, திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ துண்டுகளை ஒப்பிட்டு உறவு நெருக்கத்தைக் காட்டும் மைக்ரோசாட்டிலைட் சோதனை கேட்டேன். அப்புறம், அப்புறம் என்று இரண்டு மாதம் இழுத்தார்கள். எந்த மரங்களுக்கு நடுவே புதிதாக நடுவது என்பதை அந்த முடிவை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். இனம் அறிய மட்டும் என்றால், தாராளமாக அனுப்பலாம்.