ஒத்த வாக்கியக் குறிப்புகள் கொண்ட தமிழ் வேதாகமம்: ஓராண்டு வாசிப்புக்குப் பின்

இந்தப் பதிப்பின் பெரும்பயன், வசனங்களின் அருகே அச்சிடப்பட்டுள்ள ஒத்த வாக்கியக் குறிப்புகளே, அதாவது அதே கருத்துள்ள வேறு வசனங்கள் எங்கே உள்ளன என்று காட்டும் குறிப்புகளே. இஸ்ரவேலர் பிடித்த எரிகோ நகரில், எடுக்கக் கூடாதென்று விலக்கப்பட்டிருந்த ஒரு பாபிலோனியச் சால்வையையும் 200 வெள்ளிச் சேக்கலையும் 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளத்தையும் எடுத்து, கூடாரத்தின் நடுவே மண்ணுக்குள் புதைத்த ஆகான் என்னும் இஸ்ரவேலன், கோத்திரம், வம்சம், வீடு என்று, குற்றவாளியைக் கண்டறியப் போட்ட சீட்டு படிப்படியாகத் தன்னை நெருங்கி வரும்வரை வாய் திறக்கவில்லை என்பதை யோசுவா 7-ஆம் அதிகாரத்தில் வாசித்தேன். அங்கிருந்த குறிப்பு நீதிமொழிகள் 28:13-க்கு அழைத்துச் சென்றது. குற்றத்தை மறைப்பவன் வாழ்வடைய மாட்டான், அறிக்கையிட்டு விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான் என்று கண்டபோது, வீட்டாரிடம் மறைத்த கடனைக் கர்த்தரிடமும் மறைத்துவிட்டதாக நான் எண்ணியிருந்த பேதைமை புரிந்து, அன்றிரவே மனைவியிடம் அனைத்தையும் சொன்னேன். குறிப்புகளின் எழுத்து மிகச் சிறியது. ஆகவே முதியவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பையே வாங்குவது நலம்.