பெட்ரோல், டீசல் காருக்குக் கெடு வைப்பதா, வரியால் நகர்த்துவதா?

பெட்ரோல், டீசல் கார் போக வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் சண்டை. "இந்தத் தேதிக்கு மேல் கிடையாது" என்று கெடு வைப்பது ஒரு வழி. வரியை ஏற்றி இறக்கி, வாங்குகிறவரை மின்சாரக் கார் பக்கம் திருப்புவது இன்னொரு வழி.

கெடு வைத்தவர்கள் கதையை முதலில் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம், 2035 முதல் விற்கிற புதுக் கார் எதுவும் புகை விடக் கூடாது என்று 2023ல் சட்டம் போட்டது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையமே, புகையை 100 சதவீதம் குறைக்க வேண்டாம், 90 போதும் என்று இறங்கி வந்தது. பிரிட்டன் 2030 என்றது, அப்புறம் 2035 என்றது, ஆட்சி மாறியதும் மறுபடி 2030. கார் கம்பெனி எதை நம்பிப் பணத்தைப் போடும்?

டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 2025 ஜூலை 1 முதல் பங்கில் எண்ணெய் போடக் கூடாது என்றார்கள். சில நாளிலேயே பின்வாங்கினார்கள். ஆனால் அந்த வயசு வரம்பு பல வருஷமாகவே இருந்ததால், டெல்லி டீசல் கார்கள் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு அடிமாட்டு விலைக்கு வெளி மாநிலங்களுக்குக் கிளம்பின. டெல்லிக்காரர் நஷ்டம் வெளியூர்க்காரருக்கு லாபம். சரி, நாடு முழுக்க ஒரே கெடு என்றால் அந்த வண்டியை எந்த ஊருக்கு அனுப்புவது?

திருநெல்வேலிப் பக்கம் டாக்ஸி ஓட்டும் அண்ணாச்சிகள் பலர் ஷோரூம் வாசலை மிதித்தவர்கள் இல்லை. ரெண்டாவது கை, மூணாவது கை டீசல் வண்டியைப் பைனான்ஸில் எடுத்து, திருச்செந்தூர் சவாரி, சாரல் அடிக்கும் மாதங்களில் குற்றாலம் என்று ஓட்டி டியூ கட்டுகிறவர்கள். வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் ஆர்.சி. புக்கை வைத்துத்தான் பணம் புரட்டுவார்கள். தடை வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டாலே போதும், ஆர்.சி. புக்குக்குக் கிடைக்கும் தொகை இறங்கிவிடும், டியூ மட்டும் இறங்காது. புது வண்டிக்குத்தானே தடை, பழசுக்கு விலை ஏறத்தானே செய்யும் என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் ஏறலாம். அப்புறம் ஸ்பேர் கிடைக்காமல், பைனான்ஸ்காரரும் கையை விரித்த பிறகு?

நார்வே தடையே போடவில்லை. மின்சாரக் காருக்குப் பதிவு வரியை 1990லும், மதிப்புக் கூட்டு வரியை 2001லும் விலக்கி, பெட்ரோல் காருக்கு வரியைத் தீட்டியது. 2024ல் அங்கே விற்ற புதுக் கார்களில் 100க்கு 89 மின்சாரம். முப்பது வருஷத்துக்கு மேல் பொறுத்திருந்தார்கள் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் விற்ற காசு கையில் இருக்கிற, 55 லட்சம் பேர் உள்ள நாடு என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்துக்கோ பெட்ரோல், டீசல் வரிதான், ஜி.எஸ்.டி. வந்த பிறகும் கையில் மிஞ்சிய பெரிய வருமானங்களில் ஒன்று. அதைச் சட்டென்று இழந்தால் டவுன் பஸ் மானியத்தில்தான் கை வைப்பார்கள்.

வரி வழியிலும் அவசரம் ஆகாது. ஜெர்மனி 2023 டிசம்பரில் மானியத்தை ஒரே நாளில் நிறுத்தியது. அடுத்த வருஷம் மின்சாரக் கார் விற்பனை கால் பங்குக்கு மேல் விழுந்தது.

வேலை விஷயத்தில் ரெண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் அவகாசம்தான். தூத்துக்குடியில் வியட்நாம் மின்சாரக் கார் கம்பெனியான வின்பாஸ்டின் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது, நெல்லைப் பக்கத்துக் கங்கைகொண்டானில் சோலார் பேனல் செய்யும் ஆலை ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் மின்சாரக் காரில் இன்ஜெக்டர் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை, ஆயில் மாற்றுவதும் இல்லை. டீசல் பம்ப் பிரித்து மாட்டியே ஐம்பது வயசைத் தொட்டவரை எந்த ஆலையும் கூப்பிடப் போவதில்லை. இருபது வருஷம் கொடுத்தால் அவர் ஓய்வு பெறுவார், மகன் பேட்டரி வேலை கற்றுக்கொள்வான்.

என் ஓட்டு வரி வழிக்கு. ஆனால் 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆனது. மின்சாரக் காருக்கு அதே 5. கார் மலிவாவது சந்தோஷம்தான், ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. முதலில் நெல்லை ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் நடுவே ஓடும் ஆட்டோ மின்சாரத்துக்கு மாறக் குறைந்த வட்டிக் கடன் கொடுக்கட்டும். மலை ஏறுகிற டாக்ஸிக்கு அப்புறம் வரலாம்.