அசிட்ரோமா, அபிக்சபானா? ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, அது நகர்ந்துபோய் நுரையீரலில் அடைத்துக்கொண்ட நிலை, மாற்றி வைத்த மெட்டல் வால்வு. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை வீட்டில் ‘ரத்தம் இளக மாத்திரை’ என்பார்கள். உண்மையில் ரத்தம் இளகுவதில்லை; உறையும் வேகம்தான் குறைகிறது. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் இதே பெயரால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. அவை தட்டணுக்களைத் தடுக்கும் வேறு குடும்பம். இங்கே அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

களத்தில் இருப்பவை இரண்டு அணிகள். பழைய அணியில் வார்ஃபரினும், நம் ஊரில் அதைவிட அதிகம் காதில் விழும் அசிட்ரோமும் (மருந்தின் பெயர் அசினோகுமரால்). புதிய அணியில் டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான். புதியவற்றின் காப்புரிமைகள் முடிந்து இந்திய நிறுவனங்களே தயாரிக்கத் தொடங்கியபின் விலை இறங்கிவிட்டது. அதனால் ‘மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வேண்டாமாமே, எனக்கும் அதையே மாற்றித் தாருங்கள்’ என்ற கேள்வி எல்லா இதய மருத்துவரின் அறையிலும் கேட்கிறது. சிலருக்கு அந்த மாற்றம் பெரிய நிம்மதி. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. யார் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்பவை வால்வும் சிறுநீரகமும்.

முதல் கேள்வி வால்வு

மெட்டல் வால்வு வைத்தவருக்குப் பழைய மாத்திரை மட்டும்தான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வானாலும், வெளிநாட்டு வால்வானாலும் இதே விதிதான். இது முன்னெச்சரிக்கைக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை, சோதித்துப் பார்த்துக் கண்டது. மெட்டல் வால்வு நோயாளிகள் 252 பேரிடம் டாபிகாட்ரானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட ரீ-அலைன் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. 2013இல் வெளியான முடிவின்படி, டாபிகாட்ரான் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம். வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ரத்தப்போக்கும் டாபிகாட்ரான் பக்கமே அதிகம். பின்னாளில் குறிப்பிட்ட ஒரு வகை அயோர்ட்டிக் வால்வில் அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் இதே காரணத்தால் 2022இல் நின்றுபோனது.

இரண்டாவது கூட்டம் நம் நாட்டில் பெரியது. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கியவர்கள். இவர்களில் பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்துகொள்ளும். புதிய மாத்திரைகளின் முதல் பெரிய ஆய்வுகள், மிதமான அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப 24 நாடுகளில் நாலரை ஆயிரம் பேரிடம் நடந்தது இன்விக்டஸ் ஆய்வு. ரிவராக்சபான் ஒரு பக்கம், பழைய மாத்திரை மறுபக்கம். 2022இல் முடிவு வந்தபோது துறையே வியந்தது: பழைய மாத்திரை எடுத்தவர்களில் மரணம் குறைவு, ரத்தப்போக்கும் கூடவில்லை. அதுவும், ஆய்வு தொடங்கும்போது இவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) சரியான அளவில் இருந்தது. நடுவிலும் அது அப்படியொன்றும் கச்சிதமாக இல்லை. ஆகவே மைட்ரல் சுருக்கம் உள்ளவர், ‘ரத்தப் பரிசோதனை தொல்லை’ என்ற ஒரே காரணத்துக்காக மாறக்கூடாது. எக்கோ ரிப்போர்ட்டில் வால்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் மாத்திரையை மாற்றுவது பெருந்தவறு.

இன்னொரு சிறிய கூட்டமும் உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில், அதற்கான மூன்று சோதனைகளும் பாசிட்டிவாக வந்தவர்கள் பழைய மாத்திரையிலேயே இருக்க வேண்டும்.

வால்வில் இந்தச் சிக்கல் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் கால் ரத்தக்கட்டுக்கும் புதியவையே முன்னே நிற்கின்றன. நான்கு பெரிய ஆய்வுகளின் சுமார் 71,000 பேரைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மூளைக்குள் ரத்தக்கசிவு பாதியாகக் குறைந்திருந்தது. பழைய மாத்திரையின் மிகப் பயங்கரமான விளைவே அதுதான் என்பதால் இந்த ஒரு லாபமே போதுமானது.

இரண்டு அணிகளும் வேலை செய்யும் விதம்

கல்லீரல், உறைதலுக்கான 2, 7, 9, 10 ஆகிய எண்ணுள்ள காரணிகளை (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை) செய்ய வைட்டமின் கே வேண்டும். பழைய மாத்திரை அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் காரணிகள் தாமாகத் தீரும்வரை பலன் தெரியாது. 7ஆம் காரணி சில மணி நேரத்தில் குறையும்; 2ஆம் காரணி பாதியாக 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்று கூட்டிய அளவு ஐ.என்.ஆரில் தெரிய இரண்டு மூன்று நாள், முழுசாகத் தெரிய ஒரு வாரம். இது புரியாமல், ‘நேற்று கூட்டினோமே, இன்னும் 1.6 தானே’ என்று மறுபடி கூட்டினால் அடுத்த வாரம் 6இல் வந்து நிற்கும். தொடக்கத்தில் உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் சி-யும் சேர்ந்து குறைவதால், புதிதாக ரத்தக்கட்டு வந்தவருக்கு, உடனே உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைக் குறைந்தது 5 நாள் கூடவே போடுவார்கள்.

புதியவை ஒரே ஒரு காரணியை நேராகப் பிடிக்கின்றன. டாபிகாட்ரான் 2ஆம் காரணியை, மற்ற இரண்டும் 10ஆம் காரணியை. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் முழு வேலை. அதே வேகத்தில் இறங்கியும் விடும். ஒரு நாள் விட்டால் அன்றைக்குப் பாதுகாப்பே இல்லை. வார்ஃபரினை ஒரு வேளை மறந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். மறதி அதிகமுள்ளவருக்குப் புதிய மாத்திரையைக் கொடுக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அவர் விடுவதைக் காட்டிக்கொடுக்க ஐ.என்.ஆரும் அங்கே இல்லை.

அசிட்ரோமும் வார்ஃபரினும் ஒன்றல்ல. அசிட்ரோம் 8 முதல் 11 மணி நேரத்தில் பாதியாகும். வார்ஃபரினுக்கு சுமார் 40 மணி. அதனால் அசிட்ரோமில் ஏற்ற இறக்கம் கூடுதல், நிறுத்தினால் சீக்கிரம் தெளியும். மில்லிகிராம் கணக்கும் வேறு: வார்ஃபரின் 5 மி.கி. எடுத்தவருக்கு அசிட்ரோம் 2.5 முதல் 3 மி.கி.யே போதும். மருந்துக்கடையில் ஒன்று இல்லையென்று மற்றொன்றை அதே மில்லிகிராமில் வாங்கக்கூடாது.

ஐ.என்.ஆர். இலக்கு பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3. மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5. எதிர்பாராத எண் வந்தால் அளவை மாற்றும் முன் ரத்தம் எடுத்த விதத்தைக் கேளுங்கள். நீல மூடி டியூபில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் இருக்க வேண்டும். 2.7 மி.லி. கோடு வரை நிரப்பாமல் பாதியில் நிறுத்திய டியூப் ஐ.என்.ஆரைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி அளவைக் குறைத்தால் வால்வில் கட்டு பிடிக்கும்.

இரண்டாவது கேள்வி சிறுநீரகம்

புதிய மாத்திரை எழுதும் இடத்தில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். டாபிகாட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே போகிறது. ரிவராக்சபானில் மூன்றில் ஒரு பங்கு, அபிக்சபானில் சுமார் 27 சதவீதம். ஆய்வக ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) ‘நார்மல்’ என்றிருந்தால் மட்டும் போதாது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண்ணென்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும்.

78 வயதுப் பாட்டி, எடை 45 கிலோ, கிரியேட்டினின் 1.2 என்று வைப்போம். 62 பெருக்கல் 45 என்பது 2,790. அதை 86.4ஆல் வகுத்தால் 32.3, 0.85ஆல் பெருக்கினால் 27. ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் சிறுநீரகம் நிமிடத்துக்கு 27 மி.லி. மட்டுமே வடிகட்டுகிறது. 30க்குக் கீழே டாபிகாட்ரான் கூடாது என்பது ஐரோப்பிய விதி. ரிவராக்சபான் என்றால் 20க்குப் பதில் 15 மி.கி. அபிக்சபானின் வழக்கமான அளவு தினம் இருவேளை 5 மி.கி. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல், இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் 2.5 மி.கி. பாட்டிக்கு எடை ஒன்றே பொருந்துகிறது. ஆனாலும் 15 முதல் 29 வரை வடிகட்டும் சிறுநீரகத்துக்கு 2.5 மி.கி. என்று ஐரோப்பிய விதி தனியாகச் சொல்கிறது. அதேசமயம், விதி எதுவும் பொருந்தாதவருக்கு ‘வயசானவர், எதற்கும் குறைத்தே கொடுப்போம்’ என்று 2.5 எழுதுவதும் தவறு. பக்கவாதத்தைத் தடுக்கத்தான் மாத்திரை. அரை அளவு அந்த வேலையைச் செய்யாது.

புதிய மாத்திரைகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலான முதியவர்களுக்கு அபிக்சபானே எங்கள் முதல் தேர்வு. 18,201 பேரிடம் நடந்த அரிஸ்டாட்டில் ஆய்வில் (2011) வார்ஃபரினைவிடப் பக்கவாதமும் உடம்பின் வேறு இடங்களில் போய் அடைக்கும் கட்டுகளும் சேர்ந்து 21 சதவீதமும், பெரிய ரத்தப்போக்கு 31 சதவீதமும் குறைந்தன. வயிற்று ரத்தப்போக்கும் கூடவில்லை. ரிவராக்சபானிலும் 150 மி.கி. டாபிகாட்ரானிலும் அது கூடியது.

ரிவராக்சபான் தினம் ஒரு வேளை மட்டும் என்பது வசதி. ஆனால் 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். இரவுச் சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. விரத நாளில் என்ன செய்வது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டாபிகாட்ரான் காப்ஸ்யூலுக்குள் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பலருக்கு நெஞ்செரிச்சல் வரும். முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்க முடியவில்லையென்று பிரித்துக் கொட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் மருந்து 75 சதவீதம் வரை கூடிவிடும். மூக்குக் குழாய் வழியே உணவு போகும் நோயாளிக்கு இது ஆகவே ஆகாது. அபிக்சபானைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கலாம். ஈரம் பட்டால் டாபிகாட்ரான் கெடும், வாராந்திர மாத்திரை டப்பாவில் பிரித்துப் போடக்கூடாது.

அசிட்ரோமிலோ வார்ஃபரினிலோ பல வருடம் நல்ல நிலையில் இருக்கும் தளர்ந்த முதியவரை மாற்றத்தான் வேண்டுமா? நெதர்லாந்தில் 75 வயதைத் தாண்டிய, உடல் தளர்ந்த 1,330 பேரிடம் இதைச் சோதித்தார்கள். மாற்றியவர்களுக்கே ரத்தப்போக்கு அதிகம் என்று 2023இல் தெரிந்தது. ஐ.என்.ஆர். ஒழுங்காக நிற்கிறதென்றால் அவர்களை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கூட்டு மருந்துகள்

கீரை பற்றிய பயம் அளவுக்கு மீறியது. முருங்கைக்கீரையை அடியோடு விலக்கவேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவில் தொடருங்கள். புதிய மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடே கிடையாது. உண்மையான ஆபத்து வேறு மாத்திரைகளில் இருக்கிறது. பல்வலிக்கு எழுதும் மெட்ரோனிடசோல், பழைய மாத்திரையோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். சில நாளில் எகிறும். கிருமிக்கொல்லியான கோட்ரைமாக்சசோலும் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலும் அப்படியே. பல்வலிக்குக் கூடவே எழுதும் வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இரண்டு அணிக்குமே ரத்தப்போக்கை வரவழைப்பவை. வலிக்கு பாராசிட்டமால் போதும். அதுவும் தினம் 2 கிராமுக்கு மேல் பல நாள் தொடர்ந்தால் பழைய மாத்திரைக்காரர் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் போன இடத்தில் இடுப்பில் ஊசி போடும் முன் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். தசைக்குள் ரத்தம் கட்டி பெரிதாக வீங்கும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எல்லாக் கணக்கையும் மாற்றும். அது புதியவற்றைக் கல்லீரலிலும் குடலிலும் வேகமாக வெளியேற்றுவதால் அவற்றைச் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பழைய மாத்திரை என்றால் அளவைப் பல மடங்கு ஏற்ற நேரிடலாம், ஆனால் ஐ.என்.ஆர். பார்த்து ஏற்ற வழியாவது உண்டு. ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் அடுத்த இரண்டு மூன்று வாரம் அடிக்கடி ஐ.என்.ஆர். பார்த்து அளவை இறக்க வேண்டும். ஏற்றியதை இறக்க மறப்பதில்தான் ரத்தக்கசிவு வருகிறது. வலிப்புக்கான ஃபினிடாயின், கார்பமசெபைன் எடுப்பவருக்கும் இதே எச்சரிக்கை.

கர்ப்பத்தில் புதியவை எதுவும் கூடாது. பழையவை 6 முதல் 12ஆம் வாரத்தில் கருவைப் பாதிக்கும். மெட்டல் வால்வு வைத்த இளம்பெண் கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரோடு திட்டமிட வேண்டும். நாள் தள்ளிப்போனதும் தானாக மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

ரத்தம் போனால், அறுவை சிகிச்சை வந்தால்

பழைய மாத்திரையின் வேலையை முறிப்பது எளிது: வைட்டமின் கே, அவசரத்துக்கு பி.சி.சி. என்ற உறைகாரணிச் செறிவு, அது இல்லாவிட்டால் பிளாஸ்மா. ரத்தப்போக்கு இல்லாமல் ஐ.என்.ஆர். மட்டும் 6 என்றால் பெரும்பாலும் ஓரிரு வேளை நிறுத்தி மறுபடி பார்ப்பதே போதும். டாபிகாட்ரானுக்கு இடருசிசுமாப் என்ற நேர் முறிமருந்து 2015 முதல் இருக்கிறது, அளவு 5 கிராம். அபிக்சபான், ரிவராக்சபானுக்கு நடைமுறையில் பி.சி.சி.யையே நம்ப வேண்டியிருக்கிறது. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதே அங்கே முதல் கேள்வி. வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் வார்ஃபரினை 5 நாள், அசிட்ரோமை 2 முதல் 3 நாள், புதியவற்றை ஒன்று முதல் இரண்டு நாள் நிறுத்துவார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டாபிகாட்ரானை இன்னும் முன்பே. ஒரு பல் பிடுங்குவதற்கு ஐ.என்.ஆர். அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. அழுத்திப் பிடித்தல், தையல், ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலக் கொப்பளிப்பு போதும்.

பழையதிலிருந்து அபிக்சபானுக்கோ டாபிகாட்ரானுக்கோ மாறும்போது பழையதை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2க்குக் கீழே வந்தபின் புதியதைத் தொடங்க வேண்டும். ரிவராக்சபானுக்கு 3க்குக் கீழே. மாற்றிய அன்றே வீட்டில் மிச்சமிருக்கும் அசிட்ரோம் அட்டையையும், அரைத்துண்டு போட்டு வைத்த டப்பாவையும் எடுத்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘இதயத்துக்கு அது, ரத்தத்துக்கு இது’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்டு, ஈறில் ரத்தமும் கறுத்த மலமுமாக அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.