காந்தி நகர் மாடியில் இரண்டாம் பாகங்கள்

காட்பாடி காந்தி நகரில் ஒரு தேநீர்க் கடையின் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, திரைப்படங்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு கூட்டம் நடைபெறுகிறது. அங்கே படம் எதுவும் திரையிடப்படுவதில்லை. குறித்த படங்களை வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும் என்றும், நூறு ரூபாய்க் கட்டணத்தில் இரண்டு தேநீரும் ஒரு மக்கன் பேடாவும் அடங்கும் என்றும் கடைக்காரர் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறார். அண்மையில் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், தமிழில் வெளிவந்த இரண்டாம் பாகங்கள்.

கட்டணத்துக்கு உரிய மதிப்பு தேநீரில் இல்லை, கடைக்காரர் வகுத்திருக்கும் ஒரே விதியில் இருக்கிறது. வசூலைப் பற்றியோ நடிகரின் செல்வாக்கைப் பற்றியோ யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு படம் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்பவர், கதையின் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு எளிய விதியாகத் தோன்றினாலும், ரசிகர்கள் கூடும் இடத்தில் இதை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது, வேலூரில் முதல் நாள் முதல் காட்சிக்கு நின்றவர்களுக்குத் தெரியும்.

முதல் அரைமணி நேரம் வீணாயிற்று என்றே சொல்ல வேண்டும். 1979இல் வந்த கல்யாணராமனுக்கு 1985இல் ஜப்பானில் கல்யாணராமன் வந்தது முதல் அரண்மனை, காஞ்சனா வரிசைகள் வரை ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, விவாதம் என்று எதுவும் எழவில்லை. ஜிகர்தண்டா டபுள்எக்ஸை இரண்டாம் பாகம் என்று சொல்லலாமா என்ற கேள்வியும் இரண்டு நிமிடங்களில் முடிந்துபோயிற்று.

பொன்னியின் செல்வன் எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகுதான் மாடி உயிர் பெற்றது. அதற்கு ஊர்ப் பாசமும் ஒரு காரணம். வந்தியத்தேவனை வாணர் குலத்தவன் என்று கல்கி எழுதியிருக்க, அந்த வாணர்களின் வாணபுரமாக இருந்த திருவல்லம் காட்பாடிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அவனை எங்கள் ஊர்ப் பிள்ளை என்று உரிமை கொண்டாட ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். அன்று அந்த வேலையைச் செய்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். முதல் பாகம் (2022) கப்பல் மூழ்குவதோடு முடியாமல், நீருக்குள் பாயும் ஊமை ராணியின், பழுவூர் இளையராணி நந்தினியை அப்படியே ஒத்த முகத்தைக் காட்டி முடிவதை அவர் குறை கூறினார். நாவலின் வாசகர் அந்த முக ஒற்றுமையை ஈழத்திலேயே அறிந்துவிடுகிறார் என்பதும், தெரிந்த பின்னும் ஆவல் குறையாமல் படிக்க வைப்பதே கல்கியின் திறமை என்பதும் அவருடைய வாதம். நாவல் 1950இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்தது. அதன் வாசகர் ஒரு வாரம்தான் காத்திருந்தார், திரையரங்குக்கு வந்தவரோ ஏழு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆகவே அந்த முகத்தைக் கடைசி நொடி வரை ஒளித்துவைத்தது சரியே என்று ஒரு கல்லூரி மாணவி பதில் சொன்னார். எனக்கு மாணவியின் பக்கமே நியாயமாகப் பட்டது.

ஆனால் இரண்டாம் பாகத்தின் (2023) முடிவைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆசிரியர் கை ஓங்கியது. நாவலில், சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகன் உண்மையான மகன் அல்லன். பூத்தொடுத்துக் கோயிலுக்குத் தொண்டு செய்துவரும் சேந்தன் அமுதனே உண்மையான வாரிசு, அருள்மொழிவர்மன் மகுடத்தைச் சூட்டுவது அவன் தலையில்தான். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் முழுவதும் நீக்கப்பட்டு, அரியணைக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது. "ஆசைப்படாதவனுக்குக் கொடுத்தாத்தான் தம்பி அது தியாகம், அடம்பிடிச்சவனுக்குக் கொடுத்தா அது சமாதானம்" என்றார் ஆசிரியர். எதிரியாக நின்றவனுக்கு விட்டுக்கொடுப்பதுதான் பெரிய தியாகம் என்று இன்னொருவர் மறுக்க, அப்படியானால் அந்த மனமாற்றத்துக்கு மதுராந்தகன் தரப்பில் இரண்டு காட்சிகளாவது வேண்டாமா என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. நாவலில் வந்தியத்தேவனைக் காதலித்து மடியும் மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லாததால் வந்தியத்தேவன் யாருக்கும் கடன்படாதவனாக, துன்பம் எதுவும் ஒட்டாதவனாக விடைபெறுகிறான் என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். திரைக்கதைக்காக நாவலைச் சுருக்கும்போது சம்பவங்களை மட்டுமல்ல, ஒரு பாத்திரத்தின் மனச்சுமையையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள் என்பது அன்று கேட்டவற்றுள் மிகக் கூர்மையான கருத்து.

விடுதலையைப் பற்றிய வாதம் வேறு வகையானது. முதல் பாகம் (2023) கடைநிலைக் காவலர் குமரேசனின் கண் வழியே நகர்கிறது, அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகமோ காவல்துறை தேடும் போராளித் தலைவர் வாத்தியார் பெருமாளின் கடந்த காலத்துக்குப் போய்விடுகிறது. "அண்ணா, அப்போ குமரேசன் கதை இன்னா ஆச்சு?" என்று பின்வரிசையிலிருந்து வந்த கேள்விக்குக் கூட்டமே சிரித்தது என்றாலும், அந்தக் கேள்வி சிரிப்போடு போகக்கூடியது அன்று. பார்வையாளரை ஒருவன் தோளில் ஏற்றி அழைத்துச் சென்றுவிட்டுப் பாதி வழியில் இன்னொருவன் தோளுக்கு மாற்றும் இயக்குநர், அந்த மாற்றத்தை முதல் பாகத்திலேயே உணர்த்தியிருக்க வேண்டும் என்று சிலர் கருதினர். காவலர் கேட்கும் இடத்திலும் வாத்தியார் பேசும் இடத்திலும் இருப்பதே கதையின் இயல்பான வளர்ச்சி என்று மற்றவர்கள் வாதிட்டனர். நெறியாளர் இதை இன்னும் சிறிது நேரம் ஓடவிட்டிருக்கலாம்.

இந்தியன் 2 விஷயத்தில் மட்டும் நான் கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. 1996இல் வந்த படத்தின் வலிமை, லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே தந்தை சேனாபதி தண்டிப்பதில் இருந்தது. 28 ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் சேனாபதிக்கு அப்படி இழப்பதற்கு எதுவும் இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது உண்மைதான். ஆயினும் உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள் என்று அவர் சொல்ல, இளைஞர்கள் தங்கள் குடும்பத்தாரையே காட்டிக்கொடுக்க நேரும் பகுதி, முதல் படத்தின் அதே சிக்கலை அடுத்த தலைமுறையின் தலையில் இறக்கிவைக்கும் நல்ல யோசனையே. யோசனையைக் கைவிட்டு மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தோடு முடித்ததுதான் தவறே ஒழிய, யோசனை தவறன்று. இதை நான் எழுந்து சொன்னபோது ஒலிவாங்கி வேலை செய்யவில்லை, அதனால் முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது.

ஒலிவாங்கியைப் போலவே வேறு சில குறைகளும் உண்டு. மாடியின் கூரை தகரம் என்பதால், பங்குனி தொடங்கிவிட்டால் மாலை ஆறு மணிக்கும் உள்ளே அனல் தணிவதில்லை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று போடும் சத்தத்தில் பேச்சு பாதி மறைகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று மணி நேரம் உட்காருவது முதியவர்களுக்குச் சிரமம். தேநீர் நன்றாகவே இருக்கிறது, இஞ்சி சற்று அதிகம். மக்கன் பேடா ஆற்காட்டிலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். பிட்டால் உள்ளே முந்திரியும் சாரைப்பருப்பும் தெரிகின்றன, பாகு மேல்தோலோடு நின்றுவிடாமல் நடுவரை ஊறியிருக்கிறது, நூறு ரூபாயில் இதற்கே ஒரு பங்கு போய்விடும்.

நாவலையோ பழைய படத்தையோ தொடாமல் இரண்டாம் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செல்பவர்களுக்கு இந்தக் கூட்டம் அலுப்புத் தட்டும். கூட்டம் ஒன்பது மணிக்கு மேல்தான் முடிகிறது. குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் எட்டரைக்கே எழுந்துவிடுகிறார்கள் என்பதால், பேச நினைப்பதை முதல் தேநீருக்கு முன்பே பெயர் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது.